யாருடைய காதால் எழுதுவது?

ஓர் ஊரின் பெயரை எழுதுவதில் அப்படி என்ன விஞ்ஞானம் இருந்துவிடப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்கள் முதலில் இந்த உண்மைச் சம்பவத்தைப் படியுங்கள்.

2014ஆம் ஆண்டில் தென் கொரியாவில் உள்ள பியோங்சாங் என்ற ஊரில் உயிரினப் பன்மை பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு நடந்தது. அதில் கலந்துகொள்ள ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் புறப்பட்டார். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்கள் ஊர்ப் பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். அவரும் கவனிக்கவில்லை. விமானம் இறங்கியது. எங்கே தெரியுமா? பியோங்யாங் நகரில்! அது வட கொரியாவின் தலைநகர். நுழைவு அனுமதி இல்லாமல் வந்து இறங்கியவரை அதிகாரிகள் சும்மா விடுவார்களா? மணிக்கணக்கில் விசாரித்தார்கள், அபராதம் விதித்தார்கள், வந்த வழியே பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அப்போது ஊரின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது நடுவில் வரும் 'சி' என்ற எழுத்தையும் பெரிய எழுத்தாகவே எழுதினார்கள். ஏன்? பியோங்யாங்கோடு யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான்.

ரோமன் எழுத்து என்பது வேறொன்றும் இல்லை. ஆங்கிலம் எழுதப் பயன்படும் அதே 26 எழுத்துகள்தாம். உலகத்தில் விமான டிக்கெட், பாஸ்போர்ட், கடல் வரைபடம் ஆகியவை பெரும்பாலும் இந்த எழுத்துகளில்தான் அச்சாகின்றன. கொரிய மொழி தெரியாத ஒருவர் கொரியாவில் ஓர் ஊரைத் தேட வேண்டுமானால், அவருக்குத் துணை இந்த 26 எழுத்துகள் மட்டுமே. எனவே கொரிய ஊர்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்பது விளையாட்டான கேள்வி அல்ல. கொரியர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக வாதாடி வந்திருக்கிறார்கள். இதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. அதை உங்கள் முன் வைக்கிறேன். சரியா தவறா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தொடங்கும்போதே ஒரு சிக்கல்

தென் கொரியாவின் பெரிய துறைமுகம் புசான். அதன் பெயரை ரோமன் எழுத்தில் எழுதுங்கள் பார்க்கலாம். முதல் எழுத்து என்ன? 'பி' என்பீர்கள். சரி, எந்த 'பி'? பென்சிலுக்கு வரும் 'பி'யா, பஸ்ஸுக்கு வரும் 'பி'யா?

பார்த்தீர்களா! தமிழில் அச்சிடும்போது இந்த இரண்டு எழுத்துகளின் பெயரும் ஒன்றாகிவிடுகிறது. 'டி'யும் அப்படித்தான். டிக்கெட்டுக்கும் 'டி', டாக்டருக்கும் 'டி'. ஆகவே நாம் ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். இந்தக் கட்டுரையில் 'பென்சில்-பி', 'பஸ்-பி', 'டிக்கெட்-டி', 'டாக்டர்-டி' என்று எழுதுகிறேன். நீங்கள் புரிந்துகொள்ளுங்கள்.

இது அச்சுக்கோப்பில் வந்த இடைஞ்சல் என்று எண்ண வேண்டாம். நம் கட்டுரையின் சாவியே இங்கேதான் இருக்கிறது.

பம்பரச் சோதனை

இப்போது ஒரு சின்னச் சோதனை. கழுத்தின் முன்பக்கம், குரல்வளை மேல், இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். 'பம்பரம்' என்று நிதானமாகச் சொல்லுங்கள். முதல் 'ப' வரும்போது, உதடு மூடியிருக்கும் வரை விரலில் அதிர்வு தெரியாது. உதடு திறந்த பிறகுதான் அதிர்வு தொடங்கும். ஆனால் இரண்டாவது 'ப' வரும்போது அதிர்வு நிற்பதே இல்லை. முதலாவது பென்சில்-பி, இரண்டாவது பஸ்-பி. ஒரே சொல்லில் இரண்டு ஒலிகள்!

இத்தனை நாள் இதைக் கவனித்தீர்களா? இருக்காது. ஏன்? தமிழில் இந்த வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை. சொல்லின் தொடக்கத்தில் ஓர் ஒலி, மெல்லெழுத்தை அடுத்து வந்தால் இன்னோர் ஒலி. இடத்தைப் பார்த்து நாக்கும் உதடும் தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. நம் காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. எழுத்தும் ஒன்றே போதும் என்று வைத்துவிட்டார்கள் நம் முன்னோர்.

இப்படி ஒரு மொழி பேசுபவர்களின் காது 'இது வேறு, அது வேறு' என்று பிரித்தறியும் ஒலியை மொழி விஞ்ஞானிகள் ஒலியன் என்கிறார்கள். அந்த ஒலியனே இடத்துக்குத் தக்கபடி கொள்ளும் வேறு உருவங்களுக்கு மாற்றொலிகள் என்று பெயர். தமிழில் 'ப' ஓர் ஒலியன். பம்பரத்தில் நாம் கண்டவை அதன் இரண்டு மாற்றொலிகள்.

சரி, கொரிய மொழிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. கொரிய மொழியில் 'புபு' என்றால் கணவன் மனைவி. எழுதும்போது இரண்டு அசைக்கும் ஒரே எழுத்து. பேசும்போது முதலாவது பென்சில்-பி போலவும், இரண்டாவது பஸ்-பி போலவும் ஒலிக்கும். பம்பரம் போலவேதான்! கொரியரும் நம்மைப் போலவே இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

ஆனால் நமக்கு இல்லாத வேறொரு வேறுபாட்டை அவர்கள் காது கூர்மையாகப் பிரிக்கிறது. அது மூச்சு. இந்தி படிக்கும் மாணவர்களுக்கு இது புரியும். இந்தியில் 'ப' வரிசையின் முதல் எழுத்து சாதாரணமானது. இரண்டாம் எழுத்தைச் சொல்லும்போது பலமாக மூச்சு வெளிப்படும். வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் படபடவென்று ஆடும். கொரியாவின் உருக்காலை நகரம் போஹாங். அந்தப் பெயரின் முதல் ஒலி இப்படி மூச்சு மிகுந்தது. புசானின் முதல் ஒலி அவ்வளவு மூச்சு இல்லாதது. கொரிய மொழியில் இவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும். இறுக்கமாக ஒலிக்கும் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதை ரோமன் எழுத்தில் இரட்டித்து எழுதிவிடுகிறார்கள். அதைப் பற்றி அதிகச் சண்டை இல்லை.

அரசர் அமைத்த எழுத்து

கொரியரின் சொந்த எழுத்துக்கு ஹங்குல் என்று பெயர். இதை அமைத்தவர் செஜோங் என்ற அரசர். 1443இல் உருவாக்கி, 1446இல் நாட்டுக்கு அறிவித்தார். அதற்கு முன் கொரியர்கள் சீன எழுத்துகளைக் கொண்டே எழுதி வந்தார்கள். அவற்றைக் கற்கப் பல ஆண்டுகள் ஆகும். ஏழை எளியவர்களால் முடியாது. எல்லோரும் படிக்க வேண்டும் என்பதற்காக அரசர் 28 எழுத்துகளை அமைத்தார். இன்று புழக்கத்தில் இருப்பவை 24 அடிப்படை எழுத்துகள்.

இந்த எழுத்துகளின் உருவத்திலேயே விஞ்ஞானம் இருக்கிறது. 'ம' ஒலிக்கான எழுத்து ஒரு சதுரம்; அது வாயின் உருவம். 'ந' ஒலிக்கான எழுத்து, பல்லை நோக்கி நுனி உயர்ந்த நாக்கின் உருவம். 'க' ஒலிக்கான எழுத்து, அடிநாக்கு மேலெழும்பித் தொண்டையை அடைக்கும் உருவம். அந்தக் 'க'வுக்குள் ஒரு கோடு கூடுதலாகப் போட்டால் மூச்சு மிகுந்த 'க' ஆகிவிடும். 'த'வுக்கும் அப்படியே. மூச்சு கூடினால் கோடும் கூடும்! ஒலிகளுக்கு இடையே உள்ள உறவைக் கண்ணுக்கு எடுத்துக் காட்டும் எழுத்து இது.

இத்தகைய எழுத்தை வைத்துக்கொண்டிருக்கும் நாடு, வெளியாருக்காக அதை ரோமன் எழுத்துக்கு மாற்றும்போது என்ன செய்ய வேண்டும்? இங்கேதான் விவாதம் தொடங்குகிறது.

வெளியார் காதால் எழுதியவர்கள்

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்து வரைபடங்களில் ஊர்ப் பெயர்கள் ஜப்பானிய உச்சரிப்பில் இருந்தன. புசான் அப்போது 'எஃப்' எழுத்தில் தொடங்கும் ஃபுசான் ஆக இருந்தது.

அந்தக் காலத்தில் இரண்டு இளம் அமெரிக்க அறிஞர்கள், கொரிய மொழியறிஞர்களின் உதவியோடு ஒரு ரோமன் முறையை வகுத்தார்கள். ஒருவர் ஜார்ஜ் மெக்யூன். 1908இல் பியோங்யாங்கிலேயே பிறந்தவர். மற்றவர் எட்வின் ரைஷவர். பிற்காலத்தில் ஜப்பானில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். அவர்களுடைய முறை 1939இல் வெளிவந்தது. இருவர் பெயராலும் அது மெக்யூன்-ரைஷவர் முறை எனப்படுகிறது.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஆங்கிலம் பேசுபவர் காதில் எப்படி விழுகிறதோ, ஏறக்குறைய அப்படியே எழுதினார்கள். 'புபு' என்ற சொல்லை முதலில் பென்சில்-பி, பிறகு பஸ்-பி என்று எழுதினார்கள். புசானுக்குப் பென்சில்-பி. மூச்சு மிகுந்த ஒலிக்கு, அதே எழுத்தின் தோளில் காற்புள்ளி போன்ற ஒரு சிறு குறி. ரோமன் எழுத்தில் இல்லாத ஓர் உயிரொலிக்கு 'ஓ'வின் தலையில் பிறைபோல ஒரு வளைவு. அந்த உயிரொலி நம் 'அ'வுக்கும் 'ஒ'வுக்கும் நடுவில் நிற்பது. கொரிய ஊர்ப் பெயர்களில் அடிக்கடி வருவது.

இது மிக நுட்பமான முறை என்பதில் ஐயம் இல்லை. ஹங்குலில் மூச்சுக்கு ஒரு கோடு. இங்கே மூச்சுக்கு ஒரு குறி. அழகாகத்தான் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் பலர் இன்றும் இதையே விரும்புகிறார்கள்.

குறி உதிர்ந்தால்?

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பள்ளி அலுவலகத்து டைப்ரைட்டரில் பிறைக்குறி இருந்ததா? தந்தி அடிப்பவர் அதை அடித்தாரா? விமான டிக்கெட்டில் அது அச்சாகிறதா? இல்லை. புத்தகத்தில் இருந்த குறிகள் தெருவுக்கு வரும்போது உதிர்ந்துவிட்டன. அதனால் என்ன நேர்ந்தது என்று பாருங்கள்.

கொரிய தீபகற்பத்தில் சொங்ஜு, ஜொன்ஜு, ஜொங்ஜு என்று மூன்று ஊர்கள் உண்டு. முதல் இரண்டும் தென் கொரியாவில் உள்ள பெரிய நகரங்கள். மூன்றாவது வட கொரியாவில் இருக்கிறது. கொரியர் காதுக்கு மூன்றும் தெளிவாக வேறு வேறு. மெக்யூன்-ரைஷவர் முறையில் குறிகளோடு எழுதினால் அப்போதும் வேறு வேறுதான். குறிகளை எடுத்துவிடுங்கள். முதலாவது ஊர் சி-ஹெச்-ஓ-என்-ஜி-ஜே-யூ. மூன்றாவது ஊரும் அதேதான்! தெற்கில் உள்ள நகரமும் வடக்கில் உள்ள நகரமும் ஒரே பெயராகிவிட்டன. இரண்டாவது ஊருக்கு நடுவில் ஒரு 'ஜி' மட்டும் குறைவு.

இன்னோர் உதாரணம். தலைநகர் சியோலில் சுரங்க இரயிலின் இரண்டாம் தடம் வட்டப்பாதையாக ஓடுகிறது. அந்த வட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு நிலையம். தென்கிழக்குப் பக்கத்தில் ஒரு நிலையம். இரண்டின் பெயருக்கும் ஓர் உயிரொலிதான் வித்தியாசம். ஒன்றில் 'ஓ', மற்றதில் அந்த நடு உயிர். பிறைக்குறி உதிர்ந்தால் இரண்டும் சின்சோன்! நகரத்தின் இந்தக் கோடியில் இறங்க வேண்டியவர் அந்தக் கோடியில் போய் இறங்குவார். தென்கிழக்கில் இருந்த நிலையத்தின் பெயரையே 2016இல் மாற்றிவிட்டார்கள்.

இங்கே தவறு எங்கே இருக்கிறது? கொரியர் காது பிரிக்காத பென்சில்-பியையும் பஸ்-பியையும் பிரிக்க இரண்டு முழு எழுத்துகளைச் செலவிட்டார்கள். கொரியர் காது உயிராகப் பிரிக்கும் வேறுபாட்டை, உதிர்ந்துபோகும் ஒரு சிறு குறியிடம் ஒப்படைத்தார்கள். முக்கியமில்லாததற்குப் பெரிய பெட்டி; முக்கியமானதற்கு ஓட்டைப் பை!

2000இல் வந்த மாற்றம்

தென் கொரிய அரசு இந்த விஷயத்தில் பல முறை மனம் மாறியிருக்கிறது. 1959இல் கல்வி அமைச்சகம் ஒரு முறை வகுத்தது. அதன்படி புசானுக்குப் பஸ்-பி. சியோல் ஒலிம்பிக் 1988இல் நடக்க இருந்தது. வெளிநாட்டவர் வசதிக்காக 1984இல், சிறு மாற்றங்களோடு, மெக்யூன்-ரைஷவர் முறைக்கு மாறினார்கள், புசானுக்குப் பென்சில்-பி. 2000ஆம் ஆண்டு ஜூலையில் திருத்திய முறை ஒன்றை அறிவித்தார்கள், மீண்டும் பஸ்-பி!

இந்த 2000ஆம் ஆண்டு முறையின் சாரம் மிக எளிது. சாதாரண மூச்சு உள்ள ஒலிகளுக்கு பஸ்-பி, டாக்டர்-டி, 'ஜி', 'ஜே'. மூச்சு மிகுந்த ஒலிகளுக்கு பென்சில்-பி, டிக்கெட்-டி, 'கே', 'சி-ஹெச்'. நடு உயிருக்கு 'இ-ஓ' என்று இரண்டு எழுத்துகள். தோள்குறி இல்லை, பிறை இல்லை. எந்தச் சாதாரணக் கம்ப்யூட்டரிலும் தட்டிவிடலாம். நாம் பார்த்த மூன்று ஊர்களும் இப்போது பிரிந்து நிற்கின்றன. சொங்ஜு 'சி-ஹெச்-இ-ஓ' என்று தொடங்குகிறது. மற்ற இரண்டும் 'ஜே-இ-ஓ' என்று தொடங்குகின்றன. ஜொங்ஜுவில் 'ஜி' உண்டு, ஜொன்ஜுவில் இல்லை.

இந்த முறைதான் சரி என்பது என் கருத்து. காரணம் ஒன்றே ஒன்று. இது ஊர்க்காரரின் காதால் எழுதுகிறது. அவர் பிரிப்பதைப் பிரிக்கிறது. அவர் பிரிக்காததை விட்டுவிடுகிறது.

இதே அளவுகோலால் இன்னொன்றையும் அளந்து பார்க்கலாம். சியோலில் 1897இல் கட்டி முடித்த சுதந்திர வாயில் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஹங்குல் எழுத்தில் தோக்-ரிப்-முன். ஆனால் எல்லோரும் சொல்வது தோங்னிம்முன். நம் புணர்ச்சி விதிகள் நினைவுக்கு வருகின்றனவா? மரம், கள் இரண்டும் சேர்ந்தால் மரங்கள். கல், மலை சேர்ந்தால் கன்மலை. நாம் அந்த மாற்றத்தை எழுதியும் காட்டுகிறோம். கொரியர்கள் ஹங்குலில் காட்டுவதில்லை. வாயில் மட்டும் வரும். ரோமன் எழுத்தில் எதை எழுதுவது? 1959ஆம் ஆண்டு முறை எழுத்துக்கு எழுத்து மாற்றியது. 2000ஆம் ஆண்டு முறை பேசுவதை எழுதுகிறது. 'க்'கும் 'ங்'கும் கொரியர் காதுக்கு வேறு வேறு ஒலிகள். ஆகவே காதில் விழும் தோங்னிம்முன் என்பதை எழுதுவதே முறை. வழி கேட்கும் பயணி 'தோக்-ரிப்-முன் எங்கே?' என்று கேட்டால், எதிரில் நிற்பவர் கொஞ்சம் திகைக்கத்தான் செய்வார். இதில் ஒரு நஷ்டமும் உண்டு: ரோமன் எழுத்தை மட்டும் பார்த்து மூல எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆராய்ச்சியாளருக்கு அது தேவைதான். அவர்கள் தம் வேலைக்கு எழுத்துக்கு எழுத்து மாற்றும் முறையை வைத்துக்கொள்ளட்டும். தெருப்பலகை பயணிக்கு உரியது.

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

ஒரு பக்கம் மட்டும் சொல்லி முடித்தால் அது விஞ்ஞான முறை ஆகாது. எதிர்த்தரப்பையும் கேட்போம்.

முதல் ஆட்சேபம்: "பஸ்-பி போட்டு எழுதினால் வெளிநாட்டவர் புசானைத் தவறாக உச்சரிப்பார்கள். 'இ-ஓ' என்று எழுதினால் இன்சோன் விமான நிலையத்தை இன்சியோன் என்பார்கள்." உண்மைதான். அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் எந்த ஊர்ப் பெயரை நாம் எழுத்தைப் பார்த்துச் சரியாக உச்சரித்தோம்? இலண்டன் நகரத்தின் நதியை எழுத்துக்கூட்டிப் படித்துத் தேம்ஸ் என்கிறோம். அந்த ஊர்க்காரர் டெம்ஸ் என்கிறார். அதற்காக நதியின் எழுத்துக்கூட்டை மாற்றச் சொல்லி யாராவது கேட்டார்களா? உச்சரிப்பைக் காதுதான் கற்றுத்தர வேண்டும். 2012இல் ஒரு கொரியப் பாட்டு உலகம் முழுவதும் ஒலித்தது. சியோலின் தென்பகுதியான கங்னம் என்ற பெயரைச் சொல்லக் கோடிக்கணக்கானவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். எழுத்துக்கூட்டின் வேலை இன்ன ஊர் என்று அடையாளம் காட்டுவது. குரலைப் பதிவு செய்வது டேப் ரிக்கார்டரின் வேலை.

சீனாவைப் பாருங்கள். 1958இல் அந்நாடு பின்யின் என்ற ரோமன் முறையை ஏற்றது. பெய்ஜிங் என்பதில் அவர்கள் எழுதுவது பஸ்-பி. ஆனால் சீனர் வாயில் அந்த ஒலிக்குக் குரல்வளை அதிர்வதில்லை! அவர்களும் தங்கள் காதால்தான் எழுதினார்கள். 1977இல் சீன ஊர்ப் பெயர்களுக்கு ஐக்கிய நாடுகள் மாநாடு அந்த முறையை ஏற்றது. பீக்கிங் என்று எழுதி வந்த உலகம் பெய்ஜிங் என்று எழுதப் பழகிவிட்டது.

இரண்டாம் ஆட்சேபம்: "அடிக்கடி மாற்றினால் எத்தனை செலவு, எத்தனை குழப்பம்!" இந்த ஆட்சேபத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். நெடுஞ்சாலைப் பலகைகள், வரைபடங்கள், பாடநூல்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மாற்றினாலும் பழையது முழுக்கப் போவதில்லை. புசானின் சர்வதேசத் திரைப்பட விழா 1996இல் பென்சில்-பியோடு தொடங்கியது; 2011இல்தான் பஸ்-பிக்கு மாறியது. புசான் தேசியப் பல்கலைக்கழகம் பழைய எழுத்தையே வைத்திருக்கிறது. விமானப் பெட்டிகளில் ஒட்டும் சீட்டில் அந்த நகரின் குறியீடு இன்னும் பென்சில்-பி, யூ, எஸ். பழைய புத்தகம் ஒன்றில் ஓர் ஊரைப் படிக்கும் மாணவர், புதிய வரைபடத்தில் அதே ஊரைக் காணாமல் திண்டாடுவார். ஆகவே நான் சொல்வது இதுதான்: 2000இல் எடுத்த முடிவு சரியான முடிவு, இனி அதைத் தொடவே கூடாது. நல்ல முறை ஒன்று வேண்டும். அதை விடாமல் பிடித்துக்கொள்ளும் உறுதியும் வேண்டும்.

ஒரே மலை, இரண்டு பெயர்

இன்னும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முறை தென் கொரியாவின் முறை. வட கொரியாவோ மெக்யூன்-ரைஷவர் முறையைத் தழுவிய தன் சொந்த முறையைப் பின்பற்றுகிறது. கொரிய தீபகற்பத்தின் மிக உயரமான மலை பெக்து. உயரம் 2,744 மீட்டர். வடக்கின் எழுத்தில் அதற்குப் பென்சில்-பி, நடுவில் டிக்கெட்-டி. தெற்கின் எழுத்தில் பஸ்-பி, நடுவில் டாக்டர்-டி. மலை நகரவில்லை, ஹங்குலில் பெயரும் மாறவில்லை. புக்ஹான் என்ற ஆறு வடக்கில் பிறந்து தெற்கில் பாய்கிறது. எல்லையைத் தாண்டும்போது அதன் முதலெழுத்தும் மாறிவிடுகிறது!

1967இல் ஜெனிவாவில் ஐக்கிய நாடுகளின் முதல் ஊர்ப்பெயர் மாநாடு நடந்தது. ரோமன் அல்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் ஒரே ரோமன் முறை வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. சீனத்துக்கு அது கைகூடியது. கொரிய மொழிக்குக் கைகூடவில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் வரைபடத் துறையினர் 2011 முதல் தென் கொரிய ஊர்களுக்கு ஒரு முறை, வட கொரிய ஊர்களுக்கு வேறு முறை என்று எழுதுகிறார்கள். ஒரே மொழி, ஒரே ஹங்குல். ரோமன் எழுத்து மட்டும் இரண்டு. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசினால்தான் இது தீரும். அதுவரை வரைபட நூல்கள், பெயர்ப் பட்டியலிலாவது இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து அச்சிட வேண்டும். இது பெரிய செலவு அல்ல. ஆனால் ஒரு மலையை இரண்டு மலை என்று எண்ணும் மாணவர் குறைவார்கள்.

நாம் செய்யக் கூடியது

இதெல்லாம் கொரியர் விவகாரம் என்று விட்டுவிடலாமா? நமக்கும் ஒரு பங்கு உண்டு. நம் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் தென் கொரியத் தலைநகரைச் சியோல் என்று எழுதுகிறோம். இந்தக் கட்டுரையிலும் உங்களுக்குப் பழக்கமானது என்பதால் அப்படியே எழுதினேன். இது எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் உள்ள எஸ்-இ-ஓ-யூ-எல் என்ற எழுத்துகளை நாம் நம் போக்கில் படித்ததால் வந்தது. கொரியர் சொல்வது இரண்டே அசை. முதல் அசையில் அந்த நடு உயிர். இரண்டாவது அசை 'உல்'. ஏறக்குறைய 'ஸொ-வுல்' என்று வரும். நாம் கொரியர் காதாலும் எழுதவில்லை, நம் காதாலும் எழுதவில்லை; ஆங்கிலத்தைக் கண்ணால் பார்த்து எழுதிவிட்டோம்!

புசான் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழில் 'பு' என்று எழுதிவிட்டால் பென்சில்-பியா, பஸ்-பியா என்ற சண்டையே எழுவதில்லை. ஆனால் புசானின் முதல் ஒலியையும் போஹாங்கின் முதல் ஒலியையும் நம் எழுத்து பிரித்துக் காட்டாது. எந்த எழுத்துக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம் உண்டு. அதை அறிந்து எழுதுவதே அறிவு.

நண்பர்களே, இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பள்ளி நூலகத்தில் 2000க்கு முன் அச்சான ஒரு வரைபட நூலையும், புதிய ஒன்றையும் எடுங்கள். கொரியாவின் பக்கத்தைத் திறந்து பத்து ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறியிருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். இந்தக் கட்டுரையில் சொன்ன விதிகளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். இன்னும் ஆர்வம் உள்ளவர்கள் ஹங்குலையே கற்றுக்கொள்ளலாம். 24 எழுத்துகள்தாம், 247 எழுத்துகளைக் கற்ற நமக்கு அது ஒரு பெரிய காரியமா? ஹங்குல் தெரிந்தவருக்கு எந்த ரோமன் முறையும் தேவையில்லை.

நாளை நீங்கள் வரைபடம் வரைபவர் ஆகலாம், நிருபர் ஆகலாம், இரயில் நிலையத்துப் பலகை எழுதும் பொறியாளர் ஆகலாம். எந்த ஊரின் பெயரை எந்த எழுத்தில் எழுத நேர்ந்தாலும், பேனாவைத் திறப்பதற்கு முன் அந்த ஊர்க்காரர் ஒருவரை அழைத்து, பெயரை ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எழுதுங்கள்.